ஆணிகளின் உயரம்

அலுவலகம் கொடுத்த டேப்லெட்டில்
நாற்பத்தொரு கேள்விகள்.
வெள்ளம், வறட்சி, சூறைக்காற்று, இடிமின்னல்:
ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண்.
வர எவ்வளவு வாய்ப்பு,
வந்தால் எவ்வளவு சேதம்.
ஒன்றிலிருந்து ஐந்து வரை.
பெருக்குவது என் வேலையில்லை.
அதுவே பெருக்கி
வீட்டுக்கு ஒரு நிறம் பூசிவிடும்.

சேரன்மகாதேவிக்குக் கிழக்கே பஸ் திரும்பும் ஊர்.
குளத்துக் கரைக்கும் ஆற்றுக்கும் நடுவில் நாலு தெரு.
குளம் மறுகால் பாய்ந்தால் ஒரு பக்கம்,
ஆறு ஏறினால் மறுபக்கம்.
இரண்டும் ஒரே ராத்திரி வந்த வருஷம்
எது எந்தத் தண்ணி என்று
மோந்து பார்த்தே சொன்னாராம் கோம்பையா.
குளத்துத் தண்ணியில் களி மணக்கும்,
ஆத்துத் தண்ணியில் டீசல்.
டீசல் அவருடையதுதான்,
ஆற்றங்கரைப் பம்புசெட்டோடு போனது.

வறட்சிக்கு எத்தனை போடலாம் என்றேன்.
"பிசானம் வெளஞ்சா சொல்லுதேன்."

காற்றுக்குக் கேட்டால்
குலை தள்ளுமுன்னா, தள்ளின பிறகா என்று
என்னையே கேட்டாள் தவசிக்கனி.
"ஒரே காத்துதாம்மா.
வாழைக்குத்தான் வயசு."

ஆடு மேய்க்கப் போன மகனை
மின்னலுக்குக் கொடுத்த ஜெபமணி வீட்டில்
அந்தக் கேள்வியைத் தாண்டப் பார்த்தேன்.
தாண்ட விடவில்லை. கட்டாயக் கேள்வி.
அவளைக் கேட்காமல் நானே போட்டேன்:
வாய்ப்பு ஒன்று,
சேதம் ஐந்து.
ஓரைந்து ஐந்து.
பச்சை என்று வந்தது.

கடைசித் தெரு ஓடைப் புறம்போக்கு.
மைதீன் பாத்து சுளவை மடியிலிருந்து இறக்கவில்லை.
"செவப்பு வந்தா என்ன செய்வாங்க?"
காலி பண்ணச் சொல்லலாம்.
பதினெட்டுக் கிலோமீட்டர் தள்ளி
மூணாவது மாடியில் வீடு தரலாம்.
"அங்க பீடிக்கட உண்டா?"
தெரியவில்லை.
"பச்ச வந்தா?"
கரையை உயர்த்தக் காசு வராது.
விரல்கள் நிற்கவில்லை.
இலையைச் சுருட்டி, தலையை மடக்கி,
நூலைச் சுற்றி, இன்னொன்று.
"அப்ப மூணு போடுங்க."

அடுத்த வீடும் மூணு.
அதற்கடுத்த வீட்டில் நான் உட்காருமுன்பே மூணு.

முன்தயாரிப்பு ஏதும் உண்டா,
இருபத்தெட்டாம் கேள்வி.
இல்லை என்றிருந்தாள் பாத்து.
பயிற்சி? இல்லை.
அவசரகாலப் பை?
"என்ன பை?"

வெள்ளக்கோட்டை அளக்க நாடாவை எடுத்தேன்.
ரெண்டு தரம் சுண்ணாம்படித்தும்
மஞ்சளாகத் தெரிகிறது.
நாலடி ஏழங்குலம்.
"நீங்க நின்னா மூக்கு வரைக்கும் வரும்"
என்றாள், நாடாவைப் பார்க்காமல்.

கோட்டுக்குக் கீழே
ஆணி பிடுங்கின ஓட்டைகள்.
கோட்டுக்கு மேலே, கை எட்டாத உயரத்தில்
அதே ஆணிகள், துருவோடு.
ரேஷன் கார்டு ஒன்றில்,
பி.எஃப். காகிதம் ஒன்றில்,
மகளின் பத்தாங்கிளாஸ் மார்க் ஷீட்,
சர்க்கரை மாத்திரை.
தினம் இரண்டு வேளை
ஸ்டூல் போட்டு ஏறித்தான்
மாத்திரை எடுக்கிறாள்.
பரணில் இலைக்கட்டு.
நனைந்த இலைக்குக் கடையில் காசு பிடிப்பார்கள்,
அதனால் முதலில் இலை ஏறும்,
பிறகு பிள்ளைகள்.

கடைசிக் கேள்விக்குக் கீழே
குறிப்பு எழுத ஒரு குட்டிக் கட்டம்.
ஆணியெல்லாம் மேலே ஏறியிரு
என்பதோடு நின்றுவிட்டது.
மும்மூணு ஒன்பது.
மஞ்சள்.

பஸ்ஸுக்கு நேரம் கிடந்தது.
மறுகால் சுவரில் உட்கார்ந்திருந்தேன்.
குளத்துக்குள்ளே ஆடுகள் மேய்ந்தன,
தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில்.
மேற்கே மலைப்பக்கம் லேசாகக் கறுத்தது.
ஜெபமணி வீட்டை மறுபடி திறந்து
அந்த ஒன்றை மாற்றலாம் என்று பார்த்தேன்.
சமர்ப்பிக்கப்பட்டது, திருத்த இயலாது என்றது.
ஆடு மேய்க்கிற பையனைக் கூப்பிட்டு
வீட்டுக்குப் போ என்றேன்.
"மழைக்கு இன்னும் நேரமிருக்குக்கா" என்றான்.